உஸ்தாது வேண்டாம் என்றார்

 

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் எங்கள் மதரஸா வாசலில் செருப்புகள் கூடிவிடும். "உஸ்தாதே, மகளை என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு பெற்றோர் வருவார்கள். நான் மருத்துவனும் அல்லன், பொறியாளனும் அல்லன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றுப் பின்னர் மார்க்கக் கல்வியின் பக்கம் திரும்பி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன். இருந்தும் கேட்கிறார்கள். அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவருக்கு ஏனையவையும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் எத்துணைப் பெரிய அமானிதம் என்பதை நான் மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். உணர்த்தியவள் என் அக்காள் மகள். பார்மஸி படித்து, கல்லூரி ஆசிரியையாகி, மக்கள் தடுப்பூசியை ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவள். அவளுடைய கல்வியைப் பற்றியும் என்னுடைய பிழையைப் பற்றியும் இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

2009-ஆம் ஆண்டில் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, டாக்டராக வேண்டும் என்பது வீட்டார் அனைவரின் ஆசை. மதிப்பெண் சற்றே குறைந்தது. வேறு வழியின்றி பி.பார்ம் வகுப்பில் சேர்த்தார்கள். "மருந்துக் கடையில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கவா நான்கு வருடப் படிப்பு?" என்று அவளுடைய பெரியத்தா கேட்டார். உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

வரலாறு படித்த எனக்கு அப்படித் தோன்றியிருக்கக் கூடாது. மருத்துவம் வேறு, மருந்து ஆக்கும் கலை வேறு என்று பிரித்து, பின்னதை 'ஸைதலா' என்னும் தனித் துறையாக வளர்த்தவர்கள் அப்பாஸியர் காலத்து பக்தாத் மக்கள். கடைத்தெரு ஒழுங்கைக் கவனித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரி மருந்துக் கடைகளையும் சோதிப்பார். அல்பிரூனி மருந்துகளைப் பற்றியே தனிநூல் எழுதினார். மருந்தாளுநரைக் குறிக்கும் அரபுச் சொல் நம் நாட்டுச் சந்தனத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்று அவர் அதில் விளக்கம் தருகிறார். பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் எனப் பிரித்துக் காட்டித் தனிநூல் எழுதியவர் அர்ராஸி. இவற்றையெல்லாம் மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். நம் வீட்டுப் பெண் அதே கலையைப் படிக்கச் சென்றால் முகம் சுளிக்கிறோம்.

பி.பார்ம் முடித்தவள், இரண்டு ஆண்டு எம்.பார்ம் படிப்பில் 'பார்மஸி பிராக்டிஸ்' என்னும் பிரிவைத் தேர்ந்தெடுத்தாள். மருந்தைச் செய்வது எப்படி என்பதை மற்றப் பிரிவுகள் கற்பிக்கும். அந்த மருந்து மனிதரிடம் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதை ஆராய்வது இந்தப் பிரிவு. நோயாளி மருந்தைச் சரியாக உட்கொள்கிறாரா, பாதியில் நிறுத்தினால் ஏன் நிறுத்தினார், ஊசி என்றால் ஏன் அஞ்சுகிறார் என்பனவெல்லாம் இதில் பாடம். மருந்தின் வெற்றியில் ஒரு பகுதி குப்பிக்குள் இருக்கிறது, இன்னொரு பகுதி மனிதர் மனத்துக்குள் இருக்கிறது என்று அவள் சொல்வாள். எம்.பார்ம் முடித்ததும் வேறு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியையானாள். பின்னர் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்தாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசியை ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போடும் இயக்கம் தொடங்கியது. தட்டம்மையை மணல்வாரி என்றும் நம் பக்கத்தில் சொல்வதுண்டு. பள்ளிக்கூடங்களுக்கே வந்து ஊசி போடுவதாக அறிவித்தார்கள். அதே வாரத்தில் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் செய்திகள் பறக்கத் தொடங்கின. பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி என்றது ஒன்று; போட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள் என்றது மற்றொன்று. யார் சொன்னது, எங்கே நடந்தது என்று எதிலும் இல்லை.

அஸருக்குப் பிறகு மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்துவந்த தாய்மார்கள் கேட்டார்கள்: "உஸ்தாதே, போடலாமா?" எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாவு எழவில்லை. ஆகவே பேணுதலின் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "சந்தேகம் உள்ளதை விட்டு விலகி நிற்பதுதான் நமக்கு நல்லது" என்று சொல்லி அனுப்பினேன். பத்துப் பதினைந்து பேரிடம் இதே விடையைச் சொல்லியிருப்பேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கவும் செய்தேன்.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் என் அக்காள் மகள் ஒரு கட்டுக் காகிதங்களோடு ஊருக்கு வந்தாள். தடுப்பூசி பற்றித் தாய்மார்களிடம் கேட்கும் வினாத்தாள் அது. ஆங்கிலத்தில் ஆக்கி, தமிழில் பெயர்த்து, அந்தத் தமிழை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, பொருள் மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதியும் பெற்றிருந்தாள். "மாமு, நீங்கள் தமிழ் நன்றாக எழுதுவீர்கள். ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்றாள்.

படித்தேன். 'தடுப்பூசியின் பாதுகாப்புத்தன்மை குறித்த தங்களது நம்பக நிலை யாது?' என்றிருந்தது ஒரு வினா. "அம்மா, இதற்கு எங்கள் தெருவில் ஒருத்தியும் விடை சொல்ல மாட்டாள். இந்த ஊசியால் பிள்ளைக்குக் கெடுதல் வருமோ என்று பயப்படுகிறீர்களா எனக் கேள்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். அன்று மாலை முழுவதும் வினாக்களை வீட்டுத் தமிழாக்கினோம். ஓர் அறிவியல் ஆய்வில் என் பி.ஏ. படிப்புக்கும் வேலை இருக்கிறதே என்று எனக்குள் பெருமை.

நான்கு நாட்கள் வீடு வீடாகச் சென்று வந்தாள். ஐந்தாம் நாள் மஃரிபுக்குப் பிறகு என் அருகில் வந்து அமர்ந்தாள். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மாமு, யார் என்ன சொன்னார்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, அது அமானிதம். ஆனால் ஊசி போடாததற்குக் காரணம் கேட்டபோது, ஒரே விடை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் வந்தது."

"என்ன விடை?"

"உஸ்தாது வேண்டாம் என்றார்."

வாசகர்களே, நான் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. விலகி நிற்பது நல்லது என்றுதான் சொன்னேன் என்று வாதாட நாவு துடித்தது. ஆனால் கேட்டவர் காதில் எது விழுந்ததோ அதுவே நான் சொன்னது. பிள்ளைகளுக்கு உச்சரிப்புக் கற்றுத் தருபவனுக்கு இது தெரியாதா?

அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தன் துறையில் கற்றதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஊசிக்குத் தயங்குகிறவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது இத்துறையில் பிழை. உலக சுகாதார நிறுவனம் அமைத்த வல்லுநர் குழு ஒன்று, தயக்கத்துக்குரிய காரணங்களை மூன்று பிரிவாக வகுத்தது. முதலாவது, ஊசியின் மீதோ கொடுப்பவர் மீதோ நம்பிக்கை இல்லாமை. இரண்டாவது, நோயைக் கண்ணால் காணாததால் வரும் அலட்சியம். போலியோவால் கால் சூம்பிய பிள்ளையைப் பார்த்திராத இளந்தாய்க்குச் சொட்டு மருந்தின் அருமை எப்படித் தெரியும்? மூன்றாவது, வசதிக் குறைவு. புதன்கிழமை ஊசி போடும் நாள் என்றால், அன்று கூலி வேலையை விட்டுவிட்டு வரமுடியாத தாயும் 'மறுத்தவர்' கணக்கில்தான் சேர்கிறாள். நோய் ஒன்றாகவே தெரிந்தாலும் காரணம் வேறானால் மருந்தும் வேறல்லவா?

நம்பிக்கை உடைவதற்கு மெய்யான காரணங்களும் இருந்திருக்கின்றன. 1996-இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்று 200 குழந்தைகளை வைத்து மருந்துச் சோதனை நடத்தியது. 11 குழந்தைகள் இறந்தன. நோயே காரணம் என்றது நிறுவனம்; முறையான சம்மதம் பெறவில்லை என்றார்கள் பெற்றோர். 2009-இல்தான் 7.5 கோடி டாலர் உடன்பாட்டுடன் கானோ மாநிலத்தின் வழக்கு முடிந்தது. அந்தப் புண் ஆறாத நிலையில், 2003-இல் போலியோ சொட்டு மருந்திலும் சூழ்ச்சி இருப்பதாகப் பேச்சுப் பரவி, கானோ மாநிலம் அதை நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் செய்யப்பட்ட மருந்தைத் தருவித்த பிறகே மீண்டும் தொடங்கியது. அதற்குள் அங்கிருந்து கிளம்பிய கிருமி பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. 2005-இல் அது இந்தோனேசியாவையே எட்டி, போலியோ இல்லாதிருந்த அந்நாட்டில் முந்நூறு பிள்ளைகள் வரை முடமாக்கியது.

பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-இல் அமெரிக்க உளவுத்துறை மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஆள் தேடியதையும் நாம் அறிவோம். அடுத்த ஆண்டுகளில் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பல பெண்கள் அந்நாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014-இல், இனித் தடுப்பூசிப் பணியை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. வஞ்சித்தவர்கள் வேறு யாரோ. கால் இழந்தவை நம் பிள்ளைகள்.

உடைந்த நம்பிக்கை மீண்டும் ஒட்டியதற்கும் சான்று உண்டு. 2002-இல் நம் நாட்டில் 1,600 பிள்ளைகளுக்குப் போலியோ கண்டது. அவர்களில் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசத்தினர். பாதிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் பிள்ளைகள் மிகுதி. மிரட்டியோ பறைசாற்றியோ பயனில்லை என்று கண்டபின், யூனிசெஃப் நிறுவனத்தோடு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லிய்யாவும் ஜாமிஆ ஹம்தர்தும் களம் இறங்கின. பள்ளிவாசல் இமாம்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே கதவைத் தட்டினார்கள். நாட்டின் கடைசிப் போலியோ, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், சொட்டு மருந்து கொடுக்கப்படாத நம் சமுதாயத்துப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கண்டது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஜாமிஆ ஹம்தர்து, 1906-இல் ஹகீம் அப்துல் மஜீது தில்லியில் தொடங்கிய சிறு யூனானி மருந்தகத்தின் வழி வந்தது என்பதையும், பார்மஸி கல்வியில் இன்று நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது என்பதையும் 'மாத்திரை எண்ணவா படிப்பு' என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

அவள் சொன்ன செய்திகளில் என் உள்ளத்தில் தங்கிவிட்டது சோமாலியாவின் அலி மாவ் மாலின் என்பவரின் வரலாறு. அவர் மெர்க்கா நகரத்து மருத்துவமனையில் சமையற்காரர். ஊசி வலிக்கும் என்று அஞ்சி, பெரியம்மைத் தடுப்பூசிக்குத் தப்பியே திரிந்தார். 1977 அக்டோபரில், அம்மை கண்ட இரு பிள்ளைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறி அமர்ந்தார். சில நிமிடங்கள்தாம். உலகில் இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் அவரே. பிழைத்தெழுந்த அவர், பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தம் கதையையே சொல்லித் தாய்மார்களின் அச்சத்தைப் போக்கினார். 2013-இல் அந்தப் பணியில் இருக்கும்போதே மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஊசிக்கு அஞ்சியவரைவிட அஞ்சுகிறவரின் உள்ளத்தை அறிந்தவர் யார்?

"ஊசியில் ஹராமான பொருள் கலந்திருக்கிறதே, அதற்கென்ன விடை?" என்று நான் கேட்டேன். உங்களில் பலர் கேட்பதும் இதுவே. அவள் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. சில தடுப்பூசிகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்வது உண்மையே. 1995-இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர், மருத்துவர் கருத்தரங்கு, ஒரு பொருள் தன் தன்மை முற்றிலும் மாறி வேறொன்றாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்னும் 'இஸ்திஹாலா' அடிப்படையில் இத்தகைய ஜெலட்டினுக்கு அனுமதி கூறியது. 2018-இல் இந்தோனேசிய உலமா சபை வேறு முடிவுக்கு வந்தது. தட்டம்மை ரூபெல்லா ஊசி தன்னளவில் ஹராம், ஆயினும் மாற்று ஊசி இல்லாத நிர்ப்பந்தத்தால் போட்டுக்கொள்வது ஆகும் என்றது. மக்களில் பலர் முதற் பாதியைக் கேட்டார்கள், பிற்பாதியைக் கேட்கவில்லை. அச்சே போன்ற பகுதிகளில் ஊசி போட்டுக்கொண்டோர் மிகவும் குறைந்தனர். ஆலிம்கள் ஆய்ந்து சொன்ன விடைக்கே இந்தக் கதி என்றால், ஆயாமல் சொன்ன என் விடைக்கு என்ன கதி?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எத்தனையோ முறை பயானில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது, ஸர்ஃ என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவிவிட்டதாகச் செய்தி கிடைத்தது. அமீருல் முஃமினீன் அவர்கள் தாமாக ஒன்றும் அறுதியிட்டுவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸாரிகளை அழைத்துக் கேட்டார்கள். குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். கருத்துகள் மாறுபட்டன. இறுதியில், வேறு அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, இது குறித்து நபி (ஸல்) அவர்களிடம் நேரே கேட்ட அறிவு தம்மிடம் இருப்பதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையலாகாது என்பதற்கே இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி வந்த நான், அன்றுதான் அதில் வேறொன்றைக் கண்டேன். அத்தனை பெரிய கலீஃபா, தமக்குத் தெரியாததை அறிந்தவர் யார் என்று தேடினார்கள். நான் யாரையும் தேடவில்லை. என் அக்காள் மகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்திருந்தால் போதும், அதைக்கூடச் செய்யவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர்களைக் கூட்டி, "அன்று நான் அறியாமல் சொன்னேன், அது தவறு" என்றேன். சுகாதாரச் செவிலியரை மதரஸாவுக்கே அழைத்துப் பேசவைத்தோம். சொல்வதை மறைக்காமல் சொன்னார் அவர்: ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம், ஒரு வாரம் பத்து நாட்களில் லேசான தடிப்பு தோன்றலாம், மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை வரக்கூடும், அதற்காகத்தான் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறோம் என்றார். குறையையும் சேர்த்துச் சொன்னதனாலேயே தாய்மார்கள் அவரை நம்பினார்கள் என்பதை என் கண்ணால் கண்டேன். விடுபட்ட பிள்ளைகளில் பலர் ஊசி போட்டுக்கொண்டனர். அல்ஹம்துலில்லாஹ், என் கடன் தீர்ந்தது என்று எண்ணினேன்.

தீரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு தாய் தம் இளைய மகளை மக்தபில் சேர்க்க அழைத்து வந்தார். "உஸ்தாதே, இவளை உங்களுக்கு வலப்பக்கமாக உட்கார வையுங்கள். இடது காது கேட்காது. மூன்று வயதில் மணல்வாரி வந்து, காதில் சீழ் வைத்து, அதிலிருந்து இப்படி ஆகிவிட்டது" என்றார். 2017-இல் அவர் மூத்த மகனுக்காக என்னிடம் கேட்டவர். அன்று அவர் இடுப்பில் இருந்த ஒரு வயதுக் குழந்தைதான் இவள். எனக்கு நினைவிருந்தது, அவருக்கும் இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்துக்கொண்டு, "நீங்கள் சொன்னதற்காக மட்டும் இல்லை, உஸ்தாதே. எனக்கே பயமாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்னதும் அது பலமாகிவிட்டது" என்றார். என்னைப் பழிக்காமல் சொன்ன அந்தச் சொல்லைவிடக் கனமான பழி எனக்கு வேறில்லை.

அச்சிறுமி இன்றும் என் வலப்பக்கம் அமர்ந்து ஓதுகிறாள். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் பிடிக்க முடியாமல், என் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆகும் பாடம் இவளுக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் விடுவதில்லை.

ஆகவே, அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் இருபத்து நான்கு மாதத்துக்குள் ஒன்று என இரு தவணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். விடுபட்டிருந்தால் தயங்காமல் சென்று கேளுங்கள். ஐயம் இருந்தால் அதையும் மறைக்காமல் கேளுங்கள். ஐயம் கொள்வது குற்றமன்று. மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள். மருந்தின் தன்மையை அதைப் படித்தவரிடம் கேளுங்கள். ஒருவரின் கேள்வியை மற்றவரிடம் கேட்காதீர்கள். என் போன்ற உஸ்தாதுமார்களே! 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்வதால் நம் தலைப்பாகை சரிந்துவிடாது.

உங்கள் மகளுக்கோ மகனுக்கோ மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையா? கலங்காதீர்கள். பி.பார்ம் நான்கு ஆண்டு. 2008 முதல் நம் நாட்டில் நடக்கும் பார்ம்.டி பயிற்சியோடு ஆறு ஆண்டு. கல்லூரியில் கற்பிக்க எம்.பார்ம், அதற்குமேல் ஆய்வுப் பட்டம் என வழி நீண்டு செல்கிறது. கலைப் படிப்புப் படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. 2010-இல் இலண்டனில் தடுப்பூசி நம்பிக்கையை ஆராயவென்றே ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிய பேராசிரியை ஹைடி லார்சன் மானுடவியல் படித்தவர். நம் தெருவின் அச்சத்தை நம் மொழியிலேயே கேட்டு, நம் மொழியிலேயே விடை சொல்ல நம் பிள்ளைகள் வேண்டும்.

என் அக்காள் மகள் இப்போது தன் மாணவிகளுக்கு வினாத்தாள் எழுதக் கற்பிக்கிறாள். தமிழ் வினாக்கள் எனக்கு வந்து சேர்கின்றன, திருத்தி அனுப்புகிறேன். சென்ற மாதம் வந்த தாளில் ஒரு வினா இருந்தது: 'இது பற்றி உங்கள் உஸ்தாது உங்களிடம் ஏதாவது சொன்னாரா?' அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

நாம் அறிந்ததைச் சொல்லவும், அறியாததைக் கேட்கவும், நம்மை நம்பியவர்களின் அமானிதத்தைப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! அச்சிறுமியின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.